ஆஸ்பத்திரி நகரம் வேறு, உயிர் அறிவியல் மையம் வேறு: கோவைக்கு நடுவில் என்ன குறைகிறது?

கோவையை மருத்துவ, உயிர் அறிவியல் மையமாக வளர்க்க வேண்டும் என்ற பேச்சு தொழில் அமைப்புகளின் கூட்டங்களிலும் அரசியல் மேடைகளிலும் நாளிதழ்களிலும் அடிக்கடி அடிபடுகிறது. படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. அவிநாசி சாலையில் ஏற்கெனவே பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பாலக்காட்டிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இதற்கு மேலும் என்ன மையம் வேண்டிக் கிடக்கிறது?

இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் பேசுவதால் வரும் குழப்பம் இது. சிகிச்சை தரும் நகரம் ஒன்று. அந்தச் சிகிச்சைக்கு வேண்டிய கருவியையும் மருந்தையும் நோயறியும் முறையையும் உருவாக்கி, சோதித்து, தயாரிக்கும் நகரம் இன்னொன்று. கோவை முதல் வகை நகரமாகி வெகுகாலம் ஆயிற்று. இரண்டாவது வகைக்கு ஒரு முனையில் டாக்டர்கள் இருக்கிறார்கள், மறு முனையில் பட்டறைகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்க்கும் நடுப்பகுதிதான் மெலிந்து கிடக்கிறது. அந்த நடுப்பகுதியில் என்ன இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சில சொற்கள்

1. மருத்துவ மையம்: பல சிறப்புத் துறை ஆஸ்பத்திரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் லேப்களும் திரண்டு, வெளியூர் நோயாளிகள் தேடி வரும் ஊர். இதன் வருமானம் நோயாளியின் கையிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வருகிறது.

2. உயிர் அறிவியல்: உயிருள்ளவற்றைப் பற்றிய ஆராய்ச்சியும், அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறக்கும் தொழிலும். மருந்து, தடுப்பூசி, நோயறியும் கிட், மருத்துவக் கருவி, விதை, கால்நடை மருந்து எல்லாம் இதில் அடங்கும். இங்கே வருமானம் பொருளிலும் காப்புரிமையிலும் இருக்கிறது.

3. மருத்துவக் கருவி: சட்டத்தின் பார்வையில் இது மிகப் பரந்த சொல். கட்டுத்துணி, சக்கர நாற்காலி, ஊசி தொடங்கி எலும்பில் பொருத்தும் தகடு, இதய வால்வு, ஸ்கேன் இயந்திரம் வரை எல்லாமே கருவிதான்.

4. கிளினிக்கல் ட்ரையல்: புதிய மருந்தோ கருவியோ மனிதருக்குப் பாதுகாப்பானதா, பலன் தருகிறதா என்பதை விதிமுறைப்படி, சம்மதம் தந்தவர்களிடம் சோதித்துப் பார்ப்பது.

5. பொது வசதி: தனியொரு சிறு நிறுவனம் வாங்கிக் கட்டுப்படியாகாத சோதனைக் கருவிகளைப் பலரும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் இடம். இந்தக் கட்டுரையில் அதிகம் வரப்போகும் சொல் இதுதான்.

## கொங்கு நாட்டில் ஏற்கெனவே இருப்பவை

ஆஸ்பத்திரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜி.கே.என்.எம். 1952-இல் வந்தது, அரசு மருத்துவக் கல்லூரி 1966-இல், பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி 1985-இல், கே.எம்.சி.எச். 1990-இல். சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 1986 முதல் இருக்கிறது. கரூருக்கு 2019-இலும் திருப்பூர், நாமக்கல் மாவட்டங்களுக்கு 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் கிடைத்தன. சிகிச்சை மட்டுமின்றிப் புதிய அறிவும் இங்கே பிறந்திருக்கிறது. விபத்தில் கால் எலும்பு வெளியே தெரியும்படி நொறுங்கி வருபவருக்குக் காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்தாக வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும் மதிப்பெண் முறை ஒன்று கங்கா மருத்துவமனையின் பெயரிலேயே உலக எலும்பியல் இலக்கியத்தில் இருக்கிறது. நாள்தோறும் வந்து சேரும் விபத்துக் காயங்களை ஒழுங்காகப் பதிவு செய்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததால் கிடைத்த அறிவு அது.

பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. கோவையில் உயிர் அறிவியல் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு முன்பே, வயலில் தொடங்கிவிட்டது. 1906-இல் வேளாண் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு இடம் மாறியது. அதுவே பின்னால் 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. ஏன் கோவை? கரும்பு இங்கே நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். பல இடங்களில் கரும்பு அப்படிப் பூப்பதில்லை; பூக்காத பயிரில் கலப்பினம் உருவாக்க முடியாது. விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கடராமனும் இங்கே வயல் கரும்பையும் காட்டு நாணல் இனத்தையும் சேர்த்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம், 1918-இல் வெளியாகி வட இந்திய வயல்களுக்குப் போனது. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930-களில் வேலை செய்ததும் இந்த நிலையத்தில்தான். இன்றும் வட இந்திய விவசாயி ரகத்தின் பெயராக உச்சரிக்கும் 'கோ' என்ற எழுத்து கோயம்புத்தூரைத்தான் குறிக்கிறது.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு மையம் பிடிப்பதற்கு வேண்டிய மூன்றும் அன்று ஒரே இடத்தில் அமைந்தன: ஊருக்கே உரிய இயற்கைச் சாதகம், நிரந்தரமான ஆராய்ச்சி நிலையம், பலனை வாங்கிப் பயன்படுத்தக் காத்திருந்த விவசாயி. பின்னாளில் பருத்தி ஆராய்ச்சிக்கும் மர மரபியலுக்கும் கோவையில் மத்திய நிலையங்கள் வந்ததும் அதன் தொடர்ச்சிதான். மலை ஏறினால் குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முத்தடுப்பூசியும் தயாரித்த இடம் அது.

மூன்றாவது பலம் இரும்பும் நூலும். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் இயந்திரத்துக்கு உதிரி பாகம் வேண்டும் என்பதால் ஃபவுண்டரியும் லேத் பட்டறையும் முளைத்தன. அந்தப் பட்டறைகள் கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டாரும் பம்ப்பும் செய்தன, பின்னால் வெட் கிரைண்டர் செய்தன, கார் உதிரி பாகங்கள் செய்தன. பீளமேட்டிலும் கணபதியிலும் மைக்ரான் அளவுக்குத் துல்லியமாகக் கடைந்து தரும் ஜாப் ஒர்க் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. எலும்பில் பொருத்தும் தகட்டையும் திருகையும் கடையும் கை இங்கே இருக்கிறது என்று பலர் சொல்வது இதை வைத்துத்தான். உண்மைதான். ஆனால் கடைவது வேலையில் ஒரு பகுதி மட்டுமே.

## மற்ற ஊர்களில் எப்படி நடந்தது?

ஹைதராபாத்தை எல்லோரும் உதாரணமாகச் சொல்கிறார்கள். ஜீனோம் வேலி என்ற உயிர் அறிவியல் தொழிற்பூங்கா 1999-இல் அறிவிக்கப்பட்டது, அதனால் ஹைதராபாத் வளர்ந்தது என்று கதை சுருங்கிவிட்டது. கால வரிசை வேறு. 1961-இல் மத்திய அரசு தொடங்கிய ஐ.டி.பி.எல். என்ற மருந்து நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை ஒன்று ஹைதராபாத்தில் அமைந்தது. பல வேதியியலாளர்கள் அங்கே தொழில் பழகினார்கள். டாக்டர் ரெட்டிஸ் நிறுவனத்தை 1984-இல் தொடங்கிய அஞ்சி ரெட்டி அங்கே வேலை பார்த்தவர். 1977-இல் சி.சி.எம்.பி. என்ற உயிரணு ஆராய்ச்சி நிலையம் வந்தது. சாந்தா பயோடெக்னிக்ஸ் 1993-இல் தொடங்கி 1997-இல் உள்நாட்டு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாரத் பயோடெக் 1996. ஆக, ஆட்களும் ஆராய்ச்சியும் நிறுவனங்களும் இருந்த ஊரில்தான் பூங்கா வந்தது. காலி நிலத்தில் பெயர்ப் பலகை நட்டு ஆட்களை வரவழைத்த கதை அது இல்லை.

கொங்கு நாட்டுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் திருவனந்தபுரம். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் ஆஸ்பத்திரி ஒரு வளாகத்தில், மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இன்னொரு வளாகத்தில். இரண்டுக்கும் ஒரே நிர்வாகம். இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உள்நாட்டு இதய வால்வு உருவாக்கும் வேலை நடந்தது. முந்தைய மாதிரிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. உலோகம் தேய்ந்தது, பாகம் உடைந்தது, வடிவமைப்பு மாறியது. கடைசியில் தேறிய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் தயாரித்த அந்த வால்வு பின்னாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இதயத்துக்குள் போனது.

அந்தத் தோல்விகளைத்தான் கவனிக்க வேண்டும். மாதிரி தோற்றது என்பது ஆய்வகத்திலேயே, விலங்குச் சோதனையிலேயே தெரிந்தது. மனிதருக்குப் போகும் முன் தெரிந்தது. அப்படித் தெரிய வைக்கும் கூடங்கள் டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் பக்கத்திலேயே இருந்தன. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்து 1992-இல் வந்த அரோலேப்பும் இதே வழிதான். கண்புரை அறுவைக்கு வேண்டிய லென்ஸை இறக்குமதி விலையில் சிறு பங்குக்குச் செய்து தர முடிந்தது. வாங்கும் ஆஸ்பத்திரியும் குறை சொல்லும் டாக்டரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள் அல்லவா?

## பட்டறையிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை

பீளமேட்டில் ஒரு பட்டறைக்காரர் எலும்புத் தகடு செய்ய முடிவெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பம்ப் உதிரி பாகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் கடக்க வேண்டிய படிகள் இவை.

1. பொருள். உடலுக்குள் வைக்கும் தரத்தில் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ டைட்டானியமோ வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் எந்த உருக்கில் வந்தது என்ற சான்று இருக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து ஒரு தகடு உடைந்தால், அது எந்தக் கம்பியிலிருந்து வந்தது என்று காகிதத்தில் பின்னோக்கிப் போக முடிய வேண்டும்.

2. தர மேலாண்மை. மருத்துவக் கருவிக்கான ஐ.எஸ்.ஓ. 13485 என்ற தர முறை. இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதை விட, யார், எப்போது, எதை, எப்படிச் செய்தார் என்ற பதிவு இங்கே முக்கியம். வாய் வார்த்தையில் வேலை நடத்திப் பழகிய சிறு பட்டறைக்கு, என் கணிப்பில், இதுதான் மிகக் கடினமான படி.

3. ஆய்வகச் சோதனைகள். தகடு எத்தனை லட்சம் முறை வளைந்தால் உடையும் என்ற களைப்புச் சோதனை. உடல் திசுவுக்கு ஒத்துக்கொள்கிறதா என்ற சோதனை வரிசை, இதற்கு ஐ.எஸ்.ஓ. 10993 என்ற தரம் இருக்கிறது. இதில் சில படிகளுக்குப் பதிவு பெற்ற விலங்குக் கூடம் தேவை. மின்சாரத்தில் ஓடும் கருவி என்றால் ஐ.இ.சி. 60601 என்ற பாதுகாப்புச் சோதனையும் சேரும்.

4. கிருமி நீக்கமும் பொதியும். கிருமி நீக்கிய பொருள் திறக்கும் நாள் வரை அப்படியே இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும்.

5. உரிமம். 2017-இன் மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள். ஏ, பி வகுப்புகளின் தயாரிப்பு உரிமம் மாநில அதிகாரியிடம், சி, டி வகுப்புகளுக்கு மத்திய அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.விடம். 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்தன. ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபரிலும் சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபரிலும் உரிமம் கட்டாயமானது; கிருமி நீக்கமோ அளவிடும் வேலையோ இல்லாத ஏ வகுப்புப் பொருள்களுக்கு மட்டும் உரிமத்துக்குப் பதில் பதிவு போதும். எலும்புத் தகடு சி வகுப்பு. இதய வால்வு டி.

6. தேவைப்பட்டால் நோயாளிகளிடம் ஆய்வு. அதைத் தனியாகப் பார்ப்போம்.

இந்தப் பட்டியலில் பட்டறைக்காரருக்கு ஏற்கெனவே கைவந்தது எது? கடையும் வேலை. அது பட்டியலிலேயே இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அவர் வெளியே போக வேண்டியிருக்கிறது. ஒரு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி, தோற்று, திருத்தி, மறுபடி அனுப்பி என்று சுற்றும்போது ஒவ்வொரு சுற்றும் வாரக்கணக்கில் இழுத்தால் கைமுதல் கரைந்துவிடும். மத்திய அரசின் மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பூங்கா காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் அமைகிறது. அந்தத் திட்டத்தின் பணமே பொது வசதிகளுக்கானது. நல்ல திட்டம்தான். ஆனால் கோவையிலிருந்து அது ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த 500 கோடி ரூபாய்த் திட்டத்தில் தொழில் தொகுப்புகளுக்கான பொது வசதிகளுக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கும் உதவி இருக்கிறது. கொங்கு நாட்டுத் தொழில் அமைப்புகள் முதலில் விரட்டிப் பிடிக்க வேண்டியது இப்படிப்பட்ட பணத்தைத்தான். நிலம் கேட்பதை விட இதுவே அவசரம்.

தரச் சான்று என்பது ஒருமுறை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு மறக்கும் காகிதமும் இல்லை. குன்னூர் பாஸ்டர் நிலையமே அதற்குச் சாட்சி. நூறாண்டு கண்ட அந்த நிறுவனத்தின் தடுப்பூசி உரிமம், நல்ல உற்பத்தி நடைமுறை என்று சொல்லப்படும் ஜி.எம்.பி. தரத்துக்கு வசதிகள் இல்லை என்று 2008 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. மத்திய அரசின் கசௌலி, கிண்டி தடுப்பூசி நிலையங்களின் உரிமங்களும் அதோடு நிறுத்தப்பட்டன. தடை நீங்க 2010 ஆயிற்று. கட்டடத்தையும் கருவியையும் காலத்தோடு புதுப்பிக்கப் பணம் ஒதுக்காவிட்டால் எவ்வளவு பழைய பெருமையும் துணைக்கு வராது.

## 2020-இல் ஒரு சோதனைக்கூடம் செய்த வேலை

நடுப்பகுதி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொங்கு நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

கொரோனா தொடங்கிய 2020-இன் முதல் மாதங்களில், ஆஸ்பத்திரி ஊழியர்கள் உச்சி முதல் பாதம் வரை போட்டுக்கொள்ளும் உரிய தரத்திலான பாதுகாப்பு உடை இந்தியாவில் ஏறக்குறைய தயாராகவே இல்லை. துணி நெய்யத் தெரியும், தைக்கத் தெரியும். திருப்பூரில் ஆயிரக்கணக்கான தையல் மெஷின்கள் ஊரடங்கில் சும்மா கிடந்தன. ஆனாலும் ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது: இந்த உடை ரத்தத்தைத் தடுக்குமா?

அதைக் கண்டுபிடிக்கச் செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணியின் மேல் செலுத்தி, மறுபுறம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. கோவையில் 1956 முதல் இருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாவது சிட்ரா, மருத்துவ ஜவுளிக்கான சிறப்பு மையமாக ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தச் சோதனைக் கருவி அதனிடம் இருந்தது. தொடக்க வாரங்களில் நாடெங்கிலுமிருந்து மாதிரிகள் சிட்ராவுக்கு வந்து குவிந்தன. பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகங்கள் அடுத்துச் சேர்ந்துகொண்டன. தேறிய ஒவ்வொரு உடைக்கும் தனிச் சான்று எண் தரப்பட்டது. துணி நன்றாக இருந்தும் தையல் ஓட்டை வழியே கசிந்தால் உடை தேறாது. தையலின் மேல் சூடான நாடாவை ஒட்டி அடைக்க வேண்டும் என்பதை உற்பத்தியாளர்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். மே மாதத்துக்குள் நாட்டின் உற்பத்தி நாளொன்றுக்கு 2 லட்சம் உடைகளைத் தாண்டியது.

திருப்பூரின் தையலும் கோவையின் துணி அறிவும் அதற்கு முன்பும் இருந்தவைதான். தேறிவிட்டது, தேறவில்லை என்று நம்பும்படி சொல்லக்கூடிய ஓர் இடம் இருந்ததால் அவை மருத்துவப் பொருளாக மாறின. இதே வேலையை எலும்புத் தகட்டுக்கும் மின் கருவிக்கும் நோயறியும் கிட்டுக்கும் செய்யும் கூடங்கள் பக்கத்தில் வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

## நோயாளிகளிடம் ஆய்வு: பயப்படுவதா, பங்கெடுப்பதா?

'ட்ரையல்' என்றதும் நம்மை எலிகளாக வைத்துச் சோதிப்பார்களோ என்ற பயம் மக்களிடம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு வரலாற்றில் காரணங்கள் இருக்கின்றன. அதனால்தான் விதிகள் இறுகின. 2019-இன் புதிய மருந்து மற்றும் கிளினிக்கல் ட்ரையல் விதிகளில் நோயாளி அறிய வேண்டியவை:

1. பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஆய்வு நடக்கக்கூடாது. ஆய்வு நடக்கும் இடத்தில் சொந்தக் குழு இல்லை என்றால், அதே நகரத்தில் அல்லது 50 கிலோமீட்டருக்குள் உள்ள குழுவைத்தான் அணுக முடியும்.

2. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது.

3. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

4. ஆய்வு தொடங்கும் முன் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

ஒழுங்காக நடந்த ஆய்வு என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே மாபெரும் சான்று உண்டு. காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பது ஒரு காலத்து நம்பிக்கை. பெருந்துறை மருத்துவக் கல்லூரி இருக்கும் வளாகமும் ஒரு காலத்தில் அப்படியொரு சானடோரியம்தான். 1950-களின் பிற்பகுதியில் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவு நோயாளிகளைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகள் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதே அளவு பலன் கிடைத்தது, குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு மாறியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

கோவைக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. மலைப் பழங்குடியினர், நெசவாளர், பண்ணைத் தொழிலாளர், நகரத்தார் எனப் பலதரப்பட்டவர்கள் இங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள். ஆய்வுக்கு அது அரிய செல்வம். ஆனால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் நோயாளிப் பதிவைத் தனித்தனி முறையில் வைத்திருந்தால் அது பயன்படாது. பெயரும் முகவரியும் நீக்கிய பதிவுகளை ஒரே வடிவில் சேர்த்து வைக்க ஆஸ்பத்திரிகள் கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். போட்டி போடும் ஆஸ்பத்திரிகள் அப்படிக் கூடுமா? கூடினால்தான் மையம், இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள், அவ்வளவே.

## நொய்யல் கேட்கும் கேள்வி

மருந்து உற்பத்தியும் சேர்ந்தால் தண்ணீர் விவகாரத்தைத் தள்ளிப்போட முடியாது. கொங்கு நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டுக்குப் பிறகே தொழில் மீண்டது. முதலில் தொழில், அப்புறம் சுத்திகரிப்பு என்று போனதற்கு விவசாயியும் தொழிலாளியும் சேர்ந்து விலை கொடுத்தார்கள்.

மருந்துக் கழிவு சாயக்கழிவை விட நுட்பமான ஆபத்து, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. சுத்திகரித்து வெளியே விட்ட நீரின் கதை இது. அப்படிப்பட்ட நீரில் பிழைத்துப் பழகும் கிருமிகளுக்கு மருந்து வேலை செய்யாமல் போகும். பிறகு அவிநாசி சாலையில் எத்தனை ஐ.சி.யு. இருந்தாலும் என்ன பயன்?

ஆகவே என் கருத்து வெளிப்படையானது: மருந்தின் மூலப்பொருளை வேதி வினைகளால் பெரிய அளவில் உற்பத்தி செய்யும் ஆலைகளை நொய்யல், பவானி படுகைகளில் கொண்டுவரக் கூடாது. தண்ணீர் குறைவாகவும் துல்லியம் அதிகமாகவும் கேட்கும் தொழில்களே இந்த நிலத்துக்குப் பொருந்தும். கருவி, மருத்துவ ஜவுளி, நோயறியும் கிட், மென்பொருள், ஆய்வுச் சேவை எல்லாம் அந்த வகை.

## ஆட்கள்

பயோடெக்னாலஜி படித்துவிட்டு பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகும் பிள்ளைகளைக் கொங்கு நாட்டுக் குடும்பங்களில் நிறையப் பார்க்கலாம். படிப்புக்குத் தக்க வேலை இங்கே இல்லாததால் போகிறார்கள். மையம் என்றதும் விஞ்ஞானி வேலை மட்டும் நினைவுக்கு வரும். உண்மையில் அதிகம் தேவைப்படுவது தரக்கட்டுப்பாடு, ஆவணம், உரிம விண்ணப்பம், ட்ரையல் ஒருங்கிணைப்பு, கருவிப் பராமரிப்பு ஆகியவற்றில் தேர்ந்தவர்கள். பாலிடெக்னிக் படித்தவரும் பி.எஸ்சி. படித்தவரும் பயிற்சி எடுத்துச் செய்யக்கூடிய வேலைகள் இவை. கல்லூரிகள் புதிய பெயரில் புதிய பட்டம் தொடங்குவதை விட, இருக்கும் பாடத்தில் ஐ.எஸ்.ஓ. 13485-யும் 2017-இன் விதிகளையும் சேர்த்து, கடைசிப் பருவத்தை ஆஸ்பத்திரியிலோ பட்டறையிலோ கழிக்கச் செய்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

## எதில் தொடங்கினால் நடக்கும்?

இதய வால்விலும் புதிய மருந்திலும் தொடங்க ஆசைப்பட்டால், கொங்கு நாட்டு முதலீட்டின் இயல்புக்கு அது ஒத்துவராது. இங்கே பெரும்பாலும் குடும்ப நிறுவனங்கள். போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்ப வேண்டும் என்று கணக்கிடும் வழக்கம். அதில் தவறில்லை, அந்தக் கணக்கில்தான் பம்ப் தொழில் நின்றது. எனவே வரிசையாக ஏறுவது நல்லது.

1. ஏ, பி வகுப்புப் பொருள்கள்: ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி, அறுவைக் கத்தரி, இடுக்கி, அறுவை அரங்கத் துணிகள். உரிமம் தேவைப்படும் பொருளுக்கும் மாநில அளவிலேயே வேலை முடியும். பட்டறை ஆட்கள் தர ஆவணம் எழுதப் பழகுவதற்கு இதுவே பயிற்சிக் களம்.

2. எலும்புத் தகடு, திருகு, மூட்டு அறுவைக்கான கருவித் தொகுப்புகள். கோவை எலும்பியல் டாக்டர்களின் அனுபவம் நேராகப் பயன்படும் இடம் இது. நம் ஊர் மக்களின் எலும்பு அளவுக்குத் தகுந்த தகடு வேண்டும் என்ற தேவையும் உண்மையானது. விலையிலும் கவனம் வேண்டும். 2017-இல் இதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டு மாற்று உறுப்புக்கும் அரசு விலை உச்சவரம்பு வைத்தது. கொழுத்த லாபத்தை நம்பி வருபவருக்கு ஏற்ற துறை இது இல்லை. எண்ணிக்கையிலும் தரத்திலும் நிற்கத் தெரிந்தவருக்கு இடம் உண்டு.

3. நோயறியும் கிட்கள். இதில் நாமக்கல்லை மறந்துவிடுகிறோம். நாட்டின் பெரிய முட்டைச் சந்தைகளில் ஒன்று அது, 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கே இருக்கிறது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. நோய் எது என்று பண்ணையிலேயே சீக்கிரம் தெரிந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டிய அவசியம் குறையும். கோழி நோய்க்குக் கிட் செய்யும் லேப்புக்கு வேண்டிய எதிர்ப்புரத (ஆன்டிபாடி) அறிவும் பி.சி.ஆர். திறனும் மனித நோய்க்கான கிட்டுக்கும் வேண்டியவைதான். வாங்குபவர் ராசிபுரம் சாலையிலேயே இருக்கிறார், பொருள் சரியில்லை என்றால் மறுநாளே போன் செய்து சொல்லவும் செய்வார்.